மாதர் உரிமையும் நம் இல்லங்களும்

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்குள்ள உயர்நீதிமன்றத்தில் 1959-இல், இந்தியாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தவர் அன்னா சாண்டி அம்மையார். அதற்கு வெகு முன்பே, 1935-இல் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டில், கர்ப்பத்தடைக்கு ஆதரவாக அவர் வாதாடினார். எதிர்த்தவர்களுள் கிறிஸ்தவச் சகோதரிகள் பலர், அம்மையாரும் கிறிஸ்தவரே! எனினும் தீர்மானம் நிறைவேறிற்று.

நம்மவர் வீடுகளிலோ, பிள்ளைப்பேற்றை இன்றும் மாமியாரே முடிவு செய்வதுண்டு. கருவைக் கலைப்பதற்குங்கூட, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றையே கேட்கிறது. கணவன் கையொப்பத்தை அன்று. வார வரம்பும் மருத்துவர் கருத்தும் உண்டுதான். மணமாகாதவரையும் இதில் வேறுபடுத்தலாகாதென 2022 செப்டம்பர் 29-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. “வீட்டுக்காரர் வரவில்லையா?” என்று மருத்துவமனையில் வினவினால், சகோதரிகள் இச்சட்டத்தைத் தயங்காது எடுத்துரைக்கலாம்.