சிவப்பும் வெள்ளையும்

ஜூடோ என்றதும் முரட்டு வித்தையென எண்ணுவோர் நம்மிடையே உளர். 1882இல் டோக்கியோ நகரத்துப் பௌத்த ஆலயமொன்றில், 12 பாய்களை விரித்து, கனோ ஜிகோரோ என்னும் 21 வயது இளைஞர் கோடோகன் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். 1884இல் தொடங்கிய அதன் சிவப்பு, வெள்ளை அணிகளின் நட்புப் போட்டி இன்றும் நடைபெறுகின்றது.

அதன் விதி விந்தையானது. வென்றவன் களத்தை விட்டு நீங்கலாகாது. மூச்சு வாங்கி நிற்கையிலேயே எதிரணியின் அடுத்த வீரன் வந்துவிடுவான். அவன் ஓய்ந்திருந்து வந்தவன்; எடையிலும் மிக்கவனாயிருக்கலாம். சற்றுக் கொடிய விதியென்றே நமக்குத் தோன்றுகின்றது! சமநிலையாயின் இருவரும் விலகவேண்டும். எனினும், அடுத்தடுத்துப் பலரை வீழ்த்துவோனுக்குப் படியுயர்வு அன்றே கிட்டும். ஆதலின், களைத்த கால்களோடு மீண்டும் தலைவணங்கி, புதியவனின் சட்டையைப் பற்றுகிறானே, அவனையே அவையோர் இமையாது நோக்குவர்.