தோலுக்கும் சுருதி உண்டு!



போன மாதம் அறிவியல் வகுப்பில் 'ஒலி' பாடம் நடந்தது. சீரான அதிர்வு இசை, தாறுமாறான அதிர்வு இரைச்சல் என்று டீச்சர் சொன்னாங்க. "அப்போ மேளம் எதுல சேரும் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். "அது வெறும் டமடம தானே!" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரிச்சிருக்கக் கூடாது. ஏன்னா என் அப்பா மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர். தோல் வேலை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்பில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஒலி எப்படி வருகிறது?

காலை பிரேயர் வரிசையில் கடைசியில் நிற்பவள் முன்னால் இருப்பவளைத் தள்ளினால் என்ன ஆகும்? அந்தத் தள்ளல் முதல் ஆள் வரை போகும். ஆனால் தள்ளியவள் தன் இடத்திலேயேதான் நிற்பாள். ஒலியும் இப்படித்தான். அசோக் பில்லர் சிக்னலில் பஸ் ஹாரன் அடித்தால் அங்கே இருக்கும் காற்று நம் காதுக்கு ஓடி வருவதில்லை. காற்றில் ஏற்படும் நெருக்கமும் விலகலும் மட்டும் அலையாக வருகின்றன. நம் ஊர் வெயிலில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்.

ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதே அதிர்வெண். அது கூடினால் சுருதி ஏறும். அதிர்வின் வீச்சு கூடினால் சத்தம் கூடும்.

கம்பியும் தோலும்

வீணைக் கம்பி நொடிக்கு 100 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு சேர்ந்து 200, 300, 400 என்ற மேற்சுரங்களும் மெல்ல ஒலிக்கும். எல்லாம் முழு மடங்குகள். அதனால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கிறது.

வெறும் தோலை இழுத்துக் கட்டிய மேளத்தில் அப்படி இல்லை. அடிப்படை 100 என்றால் அடுத்தவை ஏறக்குறைய 159, 214, 230 என்று வரும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஆக, சாதாரண மேளத்தைப் பொறுத்தவரை பின் பெஞ்ச் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு!

ஆனால் மிருதங்கம்?

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் சர் சி.வி.ராமன். திருச்சியில் பிறந்து, நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் நோபல் பரிசு பெற்றது ஒளி ஆராய்ச்சிக்காக. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1920-ல், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து நம் நாட்டு மேளங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். தோல் மேல் நுண்மணலைத் தூவித் தட்டினார். அதிரும் இடத்தை விட்டு மணல் விலகி, அதிராத கோடுகளில் போய் நின்றது. தோல் எந்தெந்த விதமாக அதிர்கிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

முடிவு என்ன தெரியுமா? மிருதங்கத்தின் வலந்தலையில் மேற்சுரங்கள் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளாகவே வருகின்றன! தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் இந்த ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. காரணம், நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். அதன் எடை ஒவ்வொரு வகை அதிர்வையும் வெவ்வேறு அளவில் மெதுவாக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டு வருகிறது.

அந்தக் கறுப்பு வட்டத்தின் பேர் சாதம். இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடி செய்து, சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு தடவையும் கல்லால் தேய்த்துக் காய வைப்பார்கள். அப்பா ஒரு சுற்று தேய்ப்பார், தட்டுவார், கேட்பார். மறுபடியும் தேய்ப்பார். "எப்படிப்பா போதும்னு தெரியும்?" என்று கேட்டேன். "காது சொல்லும்மா. ஒரு சுத்து கூடிப்போனாலும் ஒலி அடைச்சுக்கும்" என்றார். அப்பா எட்டாவது வரை படித்தவர்.

செய்து பாருங்கள்

ஒரு டப்பா வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். சுண்டிக் கேளுங்கள். இப்போது நடுவில் சின்னதாகச் சப்பாத்தி மாவை ஒட்டிச் சுண்டுங்கள். ஒலி இறங்கிவிடும்! கச்சேரிக்கு முன்னால் மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதும் இதற்காகத்தான்.

காரணத்தை ராமன் எழுதி வைத்தார். ஆனால் அவருக்கு எத்தனையோ காலம் முன்பே, சோற்றையும் கல்லையும் தோலையும் வைத்துச் சுருதியைக் கொண்டு வந்தவர்கள் அப்பா மாதிரி ஆட்கள். அவர்கள் பேர் எந்தப் பாடத்திலும் இல்லை.

பழைய வலந்தலை மூட்டு ஒன்றை அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். லேபில் வைத்திருக்கிறேன். சாதம் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பாருங்கள். பின் பெஞ்ச் நண்பர்களுக்கு முதல் அழைப்பு!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி