கிளிக் கூட்டில் வாழும் அந்து

பறவைக் கூட்டை நாடும் கண் பெரும்பாலும் முட்டையையும் குஞ்சையுமே தேடும். மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வட்டுச் சரிந்த பனைகளிலும் தென்னைகளிலும் பச்சைக்கிளிகள் பொந்து கொண்டு குஞ்சு பொரிப்பதை அறியாதார் இலர். பொந்தினுள் கைவிட்டுக் குஞ்செடுக்கும் சிறுவரும் உளர். ஆயினும் அக்கை அடியில் தடவும் குப்பையை எவரும் பொருட்படுத்துவதில்லை. எச்சமும் உதிர்ந்த இறகும் மரத்தூளும் கலந்த அக்குப்பை ஒரு சிற்றுலகம். உயிர்நூலார் இதுகாறும் பெயரிட்டறியாத உயிர்கள் அதனுள் வாழ்தலும் கூடும். இது வெறுங்கற்பனையன்று. அவுஸ்திரேலியாவின் வடபுலத்தில், ஒரு கிளியினத்தின் கூட்டிலிருந்து பெறப்பட்ட அந்துப்பூச்சி புதிய இனமென 2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் வரலாற்றை அறிதற்குமுன், கூட்டிலே அந்துக்கு என்ன வேலை என்பதை ஆராய்தல் வேண்டும்.

அந்து என்றவுடன் பெட்டியிற் கிடக்கும் கம்பளியைத் துளைத்துப் பாழாக்கும் பூச்சியே பலர்க்கும் நினைவில் வரும். துளைப்பது சிறகு முளைத்த பூச்சியன்று. அது உணவே கொள்வதில்லை. குடம்பி எனப்படும் அதன் புழுவே கம்பளியைத் தின்கிறது. ஆட்டுமயிர், பறவையிறகு, மாட்டுக்கொம்பு, மனித நகம் ஆகிய யாவும் கெராற்றின் என்னும் புரதத்தால் ஆயவை. இப்புரதத்தின் இழைகள் கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருத்தலின், பெரும்பாலான விலங்குகளின் வயிற்றில் அது செரிப்பதில்லை. பூனை நக்கி விழுங்கிய மயிர் உருண்டையாகவே வெளிவருதல் கண்கூடு. கம்பளி அந்தின் புழுவுக்கோ நடுக்குடல் மிகுந்த காரத்தன்மை உடையது. அங்கு ஒட்சிசனும் அரிது. அச்சூழலில் கந்தகப் பிணைப்புகள் அறுபட்டுக் கெராற்றின் உணவாகிவிடுகிறது. உதிர்ந்த இறகு மலிந்த பறவைக்கூடு இத்தகைய புழுக்களுக்கு இயற்கை அமைத்த பண்டசாலை எனலாம். மனிதன் கம்பளி நெய்யத் தொடங்குமுன் இவை கூடுகளிலும் இறந்த விலங்குகளின் உடலங்களிலும் வாழ்ந்தன என்பது அறிஞர் பலர் கருத்து.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று மட்டக்களப்பு வீடுகளிலும் குடியிருக்கிறது. வெள்ளையடித்த சுவரில், பூசணி விதை போன்று தட்டையாய், சாம்பல் நிறமாய் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் உறையைக் காணாதார் யார்? மணலையும் தூசியையும் பட்டு நூலாற் பிணைத்து அப்புழு தானே செய்துகொண்ட மாளிகை அது. இருபுறமும் வாயிலுடைய உறைக்குள்ளேயே புழு திரும்பி, வேண்டிய பக்கத்தால் தலைநீட்டும். சிலந்தி வலையும் உதிர்ந்த மயிரும் அதன் உணவு. விளக்குமாற்றால் தட்டி எறிவதோடு அதனைப் பற்றிய ஆராய்ச்சி வீடுகளில் முடிவுறுகிறது.

அவுஸ்திரேலியக் கிளிக்கூட்டு அந்து இக்குடும்பத்ததன்று; இறகு தின்பதும் அன்று. அதன் உணவு கிளிக்குஞ்சின் எச்சம். கேட்ட மாத்திரத்தில் அருவருப்புத் தோன்றினும், கூட்டின் இயல்பை நோக்குவார்க்கு இதன் பொருத்தம் விளங்கும். மைனா முதலிய பறவைகளின் குஞ்சுகள் எச்சத்தை ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் இடும். பெற்ற பறவைகள் அதனை அலகாற் கவ்விக் கொண்டுபோய்த் தொலைவில் எறிந்துவிடும். கிளிகளுக்கு அவ்வழக்கம் இல்லை. குஞ்சுகள் வளர வளர எச்சமும் பொந்தின் அடியிற் சேர்ந்துகொண்டே வரும். தின்பதற்கு ஒருயிர் தோன்றாதிருந்தால்தான் வியப்பு.

குவீன்ஸ்லாந்தின் கேப் யோர்க் தீபகற்பத்தில் வாழும் பொன்தோட் கிளி கூடு கட்ட மரப்பொந்தை நாடுவதில்லை. மழையில் ஊறி மென்மையுற்ற கறையான் புற்றை, மழைக்காலத்தின் இறுதியில் அலகாற் குடைந்து, ஒடுங்கிய சுரங்கமும் அதன் முடிவில் ஓர் அறையும் அமைத்து முட்டையிடும். காய்ந்தபின் புற்று கல்லெனக் கடினமாகும். முட்டை சேகரிப்பிற் புகழ்பெற்ற நியூ சவுத் வேல்ஸ் நிலக்கிழார் எச். எல். வைட் என்பவருக்காக அப்பகுதியிற் பணியாற்றிய வில்லியம் மக்லெனன், அப்புற்றறைகளுள் குஞ்சுகளோடு புழுக்களும் வாழ்வதைக் கண்டார். 1922ஆம் ஆண்டில் வைட் இச்செய்தியை வெளியிட்டார். அவ்வந்து இக்காலத்தில் திரிசிந்தோபா ஸ்கற்றோபாகா என வழங்கும். முதற்சொல் சாதியையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிப்பன. ஸ்கற்றோபாகா என்ற கிரேக்கத் தொடருக்கு மலந்தின்னி என்பது பொருள். பெயரிடுங்கால் நாகரிகம் பாராட்டப்படவில்லை.

இவ்வந்தின் வாழ்க்கையில் வியக்கத்தக்கது அதன் காலக்கணக்கு. கிளி புதிதாகச் சுரங்கம் தோண்டியதும் பெண்ணந்து தேடிவந்து முட்டையிடும். கிளியின் முட்டை பொரிக்கும் காலத்தை ஒட்டியே புழுக்களும் வெளிப்படும். முந்தினால் உண்ண எச்சம் இராது. பிந்தினாற் புதிய உணவு நின்றுவிடும். கிளி அடைகாப்பது ஏறக்குறைய 20 நாள். குஞ்சுகள் அறையில் இருப்பது ஏறக்குறைய 5 கிழமை. ஆண்டு முழுவதிலும் அக்குறுகிய காலமே அப்புழுவுக்கு அறுவடைக்காலம். வளர்ந்த புழு அறைச்சுவரை அடுத்துப் பட்டுக்கூடு நூற்றுக் கூட்டுப்புழுவாகும். பிறர் தோண்டிய புற்றில், பிறர் பெற்ற குஞ்சின் கழிவை நம்பி, கறையான், கிளி, அந்து என மூன்று உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருத்தல் காண்க.

அந்து கூட்டைத் துப்புரவு செய்கிறது. ஆதலாற் கிளி அதற்கு இடங்கொடுக்கிறது என்று சொல்லிவிடுதல் எளிது. உண்பவரும் உண்ணப்படுவதும் ஒருவர்க்கொருவர் கைம்மாறு செய்வதாகக் கதை கூறுதல் மனிதர்க்கு இனிக்கும். ஆனால், புழு வாழ்ந்த கூட்டுக் குஞ்சுகள் புழுவற்ற கூட்டுக் குஞ்சுகளிலும் நன்கு வளர்ந்தன என்பதற்கு ஆய்விற் சான்று கிடைக்கவில்லை. எல்லாக் கூடுகளிலும் அந்து குடியேறுவதுமில்லை. அதனை இழந்த கூட்டிலும் குஞ்சுகள் இறகு முளைத்துப் பறக்கின்றன. அந்துக்குக் கிளி இன்றியமையாதது. கிளிக்கு அந்து அவ்வாறன்று. இவ்வொருதலை உறவே பின்னர்க் கூறப்படும் இடருக்கு வேர்.

கார்பெந்தாரியா வளைகுடாவுக்கு மேற்கே, வட ஆள்புலத்தில், பொன்தோட் கிளிக்கு நெருங்கிய உறவான கருமுடிக் கிளி வாழ்கிறது. நோர்வே நாட்டு விலங்கியலார் குனுட் டால் திரட்டிய பறவைகளைக் கொண்டு றொபேட் கொல்லெற் 1898இல் அதற்குப் பெயரிட்டார். அதுவும் புற்றைக் குடைந்தே முட்டையிடும். அதன் கூட்டிலும் அந்து உண்டு. எட்வர்ட்ஸ், ஸ்டுவர்ட் கூனி, பென்னி ஓல்சன், ஸ்டீபன் கார்னெட் ஆகிய நால்வரும் 2007இல் அவ்வந்தைத் தனி இனமென நிறுவித் திரிசிந்தோபா நியோசோபிலா எனப் பெயரிட்டனர். குஞ்சை விரும்புவது என்பது அதன் பொருள். முன்னையதிலும் கண்ணியமான பெயர். பறவை பெயர் பெற்று 109 ஆண்டுகள் கழிந்தே அதன் கூட்டுத்தோழன் பெயர் பெற்றது.

இரண்டும் வேறென்று எவ்வாறு துணிவது? அந்துக்களின் சிறகு நிறம் கண்ணை ஏமாற்றும். செதில் உதிர்ந்தாற் கோலம் மாறும். ஆதலின் இக்கால ஆய்வாளர் வயிற்றின் நுனியை அறுத்தெடுத்து, காரக் கரைசலில் மென்மையாக்கி, இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியில் ஒப்பிடுவர். பூட்டும் திறவுகோலும் போன்று ஓரினத்து ஆணும் பெண்ணும் பொருந்துவதால், அங்கே காணும் வேறுபாடு உறுதியான சான்றாகக் கொள்ளப்படும். பின்னர் ஒரு தனிப் பூச்சியை மூலமாதிரியாகக் குறித்து, பொருட்காட்சிச்சாலையில் வைத்து, விவரணத்தை வெளியிட்டாலன்றிப் பெயர் செல்லுபடியாகாது.

இச்சாதி அடங்கிய ஈகோபோரிடே குடும்பம் அவுஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான இனங்களாகப் பெருகியுள்ளது. அவற்றுட் பல யூக்கலிப்ரசு மரத்தின் உலர்ந்து வீழ்ந்த இலையையே உண்பவை. காய்ந்த சருகைச் செரிக்கவல்ல குடலுக்குப் புல்விதை தின்னும் கிளியின் எச்சம் பெருந்தொலைவில் உள்ள உணவன்று என ஊகிக்கலாம்.

தெற்கே, தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில், இவ்விரு கிளிகளுக்கும் இன்னோர் உறவு இருந்தது. சுவர்க்கக் கிளி என்பது அதன் பெயர். ஜோன் கில்பேர்ட் 1844இல் அதனைக் கண்டறிந்தார். அதுவும் புற்றுவாழ் கிளியே. அருகி மறைந்துவிட்டதென எண்ணப்பட்டபின், சிறில் ஜெரார்ட் 1921இல் மீண்டும் அதனைக் கண்டு, 1922இற் புற்றருகே நின்ற பறவையை நிழற்படமும் எடுத்தார். 1927க்குப்பின் ஐயத்துக்கிடமின்றி அதனைக் கண்டவர் எவருமில்லை. கேப் யோர்க்கின் அந்து பற்றிய செய்தி வெளிவந்த அதே 1922இல் சுவர்க்கக் கிளியின் புற்றும் ஒருவர் கண்ணெதிரே நின்றது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு வருந்தும். அக்கூட்டிலிருந்து எந்த அந்தும் பெயரிடப்படவில்லை. அங்கு மூன்றாவது இனமொன்று வாழ்ந்திருந்தால் கிளியோடு அதுவும் போயிற்று.

பொன்தோட் கிளி காட்டில் இன்று அருகிவருகிறது. கால்நடை மேய்ச்சலும், தீ மூட்டும் பழைய முறை மாறியதால் புல்வெளியில் மரஞ்செடி அடர்ந்ததும் காரணங்களாகக் கூறப்படும். அதனையும் கருமுடிக் கிளியையும் பல நாடுகளிற் கூண்டுகளில் வளர்த்துப் பெருக்குகின்றனர். ஆதலின் பறவைக்கு அழிவில்லை என்று சிலர் ஆறுதல் கூறலாம். கூண்டில் உள்ளது மரப்பெட்டி, புற்றன்று. அங்கே அந்து இல்லை. கலிபோர்னியாவின் பெருங்கழுகுக்கு நேர்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. 1987இல் எஞ்சியிருந்த 27 பறவைகளும் பிடிக்கப்பட்டுக் கூண்டில் வளர்க்கப்பட்டன. மருந்திட்டுப் பேனும் நீக்கப்பட்டது. பறவை பிழைத்து மீண்டும் வானேறியது. அதனிடம் மட்டுமே வாழ்ந்த பேனினம் ஒன்று உலகிலிருந்து நீங்கிவிட்டது. பேனுக்காக அழுவார் இலர். எனினும் ஓர் உயிரைக் காத்தோம் என்ற கணக்கில் அது எழுதப்படாமலே போயிற்று.

இலங்கையின் அந்துக்கள் ஆராயப்படாதவை அல்ல. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலுக்கு இந்நாட்டு த அல்விஸ் சகோதரர் வண்ணம் தீட்டினர். சிற்றந்துகளையோ பேராதனையிலிருந்து கிரீன் முதலியோர் திரட்டி அனுப்ப, இங்கிலாந்தின் மால்பரோக் கல்லூரி ஆசிரியர் எட்வர்ட் மெய்ரிக் பெயரிட்டார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் தந்த அவர், பாடசாலைக் கடமைக்கிடையே அப்பணியை ஆற்றினார் என்பது ஆசிரிய உலகம் பெருமைகொள்ளத்தக்கது. ஆனால் அப்பூச்சிகளுட் பல விளக்கொளியில் வந்து வீழ்ந்தவை. பெயருண்டு, ஊருண்டு, புழு எங்கு வாழ்ந்தது, எதைத் தின்றது என்ற குறிப்பு இல்லை.

இந்நாட்டுக் கிளியினங்கள் ஐந்தும் மரப்பொந்தில் முட்டையிடுவன. அவற்றுள் இரண்டு உலகில் வேறெங்கும் இல்லாதவை. பட்ட பனையைத் தறித்து விறகாக்கும்போதும், மொட்டைத் தென்னையை வேலி ஓரத்திலிருந்து அகற்றும்போதும், பொந்தும் அதன் அடிக்குப்பையும் சேர்ந்தே போகின்றன. ஆராயும் முறை அரிதன்று. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச்சட்டம் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் காப்பதாதலின் முதலில் உரிய அனுமதி பெறல் வேண்டும். குஞ்சுகள் பறந்து, பெற்ற பறவைகளும் நீங்கியபின், பொந்தின் அடிக்குப்பையில் ஒரு பிடியை எடுத்துக் கண்ணாடிச் சாடியில் இட்டு, வாயை மெல்லிய மல் துணியாற் கட்டி, நிழலில் வைத்தல் வேண்டும். அதிகம் உலர்ந்தாற் புழு இறக்கும். ஈரம் மிகுந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தின் பெயர், பறவையின் பெயர், இடம், நாள் ஆகியவற்றை எழுதிச் சாடியில் ஒட்டிவிட்டுச் சில கிழமைகள் பொறுத்திருந்தால், ஒரு காலையில் துணியின் உட்புறத்தில் நெல்மணியளவான சிறகுகள் மடித்து ஏதேனும் அமர்ந்திருக்கும்.