வரைபட நீலம் கோதடிக்கு வந்த கதை

ரயில்வேயில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பாலங்களின் வரைபடங்கள் நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக இருக்கும். ‘ப்ளூ பிரிண்ட்’ என்போமே, அதுதான். ஓய்வு பெற்ற பின் அதே நீலத்தைத் துணியில் ஏற்றிப் பார்த்தேன்.

இங்கே நாக்பூரில் பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் கோதடியை நம் வீட்டுப் பெண்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பேத்திக்கு ஒன்று தைக்கும்போது, “மாமா, அத்தை படம் அதில் இருந்தால் நன்றாயிருக்குமே” என்றாள் என் மனைவி. என் அப்பாவின் கடைசி வேட்டியை அதற்காக எடுத்தோம்.

1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் கண்ட முறை இது. பச்சை நிற ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மி.லி. நீரிலும் கரைக்க வேண்டும். கையுறை அவசியம். சமையல் பாத்திரம் கூடாது. அமிலம் எதுவும் அருகில் வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

கஞ்சி போகத் துவைத்து, சோப்பு நீங்க அலசிய பருத்தித் துணியே ஏற்றது. மங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரு கரைசலையும் சம அளவு கலந்து, துணியில் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். ஜெராக்ஸ் கடையில் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவாக, வேண்டிய அளவிலேயே, ஒளிபுகும் ஷீட்டில் எடுத்துக்கொள்ளலாம். அதைத் துணிமேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, நல்ல வெயிலில் 10 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி, நீரில் கரையாத நீலமாக நூலைப் பற்றிக்கொள்ளும். படாத இடத்து மருந்து அலசும்போது போய்விடும். மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை அலசுங்கள். ஒரு நாளில் நீலம் இன்னும் ஆழமாகும்.

அப்பா முகம் அழகாக வந்தது. அவசரக்காரனான நான், தைக்குமுன் சுத்தமாக இருக்கட்டுமே என்று வாஷிங் சோடாவில் ஊறப் போட்டேன். சற்று நேரத்தில் நீலம் கரைந்து, முகம் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் நின்றது. காரம் இந்த நீலத்தின் எதிரி. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வேட்டியில் இன்னும் ஒரு கட்டத்துக்கே துணி மிச்சம்.

சோதனை ஓட்டம் பார்க்காமல் எந்தப் பாலத்திலும் வண்டி விட்டதில்லை நான். வீட்டில் மட்டும் அதை மறந்தேன். பிறகு வேறு கந்தல் துணியில் அச்சிட்டு, வெயில் நேரம் பார்த்து, காரமில்லாத மென்மையான சோப்பில் துவைத்துப் பார்த்த பின்தான் அந்தக் கடைசித் துண்டைத் தொட்டேன்.

இப்போது பேத்தி அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் முதலில் கந்தல் துணியில். பெரியவர்கள் கட்டிய துணி கடைசியில்.