விறைப்புக் குறைபாடு: இதயம் தரும் முன்னறிவித்தல்

நாற்பது வயதைத் தாண்டிய நம் சகோதரர்கள் பலர் வைத்தியரிடம்கூட வாய் திறக்காத நோய் இது. வெட்கத்தில் மறைத்து, யாருக்கும் தெரியாமல் குளிசை வாங்கிப் போடுகிறார்கள். இதில் பறிபோகக்கூடியது உயிர்.

ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் சுமார் 1 முதல் 2 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை. இதயத்தின் முடியுரு நாடிகளோ 3 முதல் 4 மில்லிமீற்றர். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவற்றால் நாடிகளில் கொழுப்புப் படியும்போது சிறியவையே முதலில் அடையாளம் காட்டும். சில வருடங்களின் பின் மாரடைப்பு வரலாம்.

1998இல் விற்பனைக்கு வந்த சில்டெனாபில், முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து. அது இரத்தக் குழாயை விரிக்கும். படிந்த கொழுப்பைக் கரைக்காது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை பாவிப்பவர் இதையும் எடுத்தால் பிரஷர் சடுதியாக விழுந்து மரணமும் நேரலாம்.

முருங்கன் பகுதியில் உள்ளவர்கள் முருங்கன் வைத்தியசாலைக்கோ மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் பரிசோதியுங்கள். பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுங்கள். சிகரெட்டை விட்டு, தினமும் அரை மணிநேரம் நடந்து, சீனியைக் கட்டுப்படுத்தினால் பலருக்கு முன்னேற்றம் தெரியும். அதன் மேல், தேவையெனில் வைத்தியரே உரிய அளவில் குளிசை எழுதுவார். குளிசை பலனளிக்காதோருக்கு ஊசி, வெற்றிடப் பம்பு, சத்திரசிகிச்சை எனவும் வழிகள் உண்டு.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. இல்லற வாழ்வில் மனைவிக்கும் உரிமை இருக்கிறது. முடிந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.