பல்வலிக்குத் தொலைமருத்துவ ஆலோசனை: எதற்குப் பயன்படும், எங்கே நின்றுவிடும்?

புதுடெல்லி: கொரோனா பொதுமுடக்கத்தின்போது வேறு வழியின்றிப் பரவலான தொலைமருத்துவ ஆலோசனை, இன்று வழக்கமான மருத்துவச் சேவைகளில் ஒன்றாகிவிட்டது. பல்வலிக்கும் அது கைகொடுக்கும். ஆனால், அது எந்த எல்லை வரை பயன்படும் என்பதை அறியாவிட்டால், வலி குறைந்த நிம்மதியிலேயே நோய் முற்றிவிடக்கூடும்.

தொடங்கியது எப்படி?

தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி தளத்தில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் காணும் புறநோயாளிகள் சேவை ஏப்ரல் 13 அன்று தொடங்கியது.

பல் சிகிச்சைக்கு அப்போது தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. பல்லைத் துளையிடும் கருவி, எச்சில் கலந்த நுண்திவலைகளைக் காற்றில் பரப்பும். அந்த மே மாதத் தொடக்கத்தில் டெல்லியின் 11 மாவட்டங்களும் சிவப்பு மண்டலமாக இருந்தன. மே 19 அன்று வெளியான சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல், சிவப்பு மண்டலங்களில் அவசரப் பல் சிகிச்சைகளை மட்டுமே அனுமதித்தது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் சிகிச்சையகங்கள் மூடப்பட்டிருந்தாலும், யாருக்கு உடனடிச் சிகிச்சை தேவை என்பதைத் தொலைவிலிருந்தே தரம் பிரிக்கலாம் என்றது. பல்வலியைப் பொறுத்தவரை தொலைமருத்துவத்தின் முதன்மைப் பயன் இன்றும் அதுவே.

இ-சஞ்சீவனி வழியாக நடந்த அனைத்து வகை ஆலோசனைகளின் எண்ணிக்கை 2023 பிப்ரவரியில் 10 கோடியைக் கடந்தது. அப்போது ஆந்திரப் பிரதேசம் முதலிடத்திலும் தமிழ்நாடு இரண்டாமிடத்திலும் இருந்தன.

கேள்விகளால் எதை அறியலாம்?

வலியின் தன்மையே மருத்துவருக்கு முதல் தடயம். குளிர்ந்த நீர் பட்டதும் கூசி, சில நொடிகளில் அடங்கினால், பல்லின் உள்ளிருக்கும் பற்கூழ் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும். தூண்டுதல் இன்றியே விண்விண் என்று தெறித்து, உறக்கத்தைக் கலைக்கும் வலி, பற்கூழ் மீள முடியாத அளவுக்கு அழற்சி அடைந்ததைக் குறிக்கலாம். அதற்கு வேர் சிகிச்சையோ, பல்லை அகற்றுவதோ தேவைப்படும். கடிக்கும்போது வலியும் ஈறில் வீக்கமும் இருந்தால், சீழ் கட்டியிருக்க வாய்ப்புண்டு.

எனினும், பல்லைத் தட்டிப் பார்ப்பதோ, எக்ஸ்ரே எடுப்பதோ காணொலியில் இயலாது. ஆகவே, அங்கு கிடைப்பது முதற்கட்டக் கணிப்பு மட்டுமே. கடுமையாக இருந்த வலி திடீரென மறைந்தாலும் குணமாகிவிட்டதாகக் கருதக் கூடாது. பற்கூழ் இறந்து, தொற்று வேர் நுனி வழியே தாடை எலும்பை நோக்கிச் சென்றுகொண்டிருக்கலாம்.

மருந்தில் கவனம்

பாராசிட்டமால், இபுபுரோஃபன் போன்ற வலிநிவாரணிகள் தற்காலிகமாக உதவும். டெல்லியில் மழைக்காலத்திலும் அதற்குப் பின்பும் டெங்கு பரவுவதால், காய்ச்சலும் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். இபுபுரோஃபன், ஆஸ்பிரின் ஆகியவை டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மீது வைத்தால் அந்த இடம் புண்ணாகும்.

ஆன்டிபயாட்டிக் மருந்து எல்லாப் பல்வலிக்கும் தீர்வல்ல. பற்கூழ் அழற்சிக்கு அது பயன் தராது. நேரடிப் பல் சிகிச்சை கிடைக்கும் நிலையில், பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் பரிந்துரைத்தது. காய்ச்சலோ, பரவும் வீக்கமோ இருந்தால் நிலைமை வேறு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் பரிந்துரைக்க இந்திய வழிகாட்டுதல்கள் தடை விதித்துள்ளன. கடும் வலிக்குத் தரப்படும் டிரமடாலும் அவற்றுள் ஒன்று.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

* வாயைத் திறக்கவோ, விழுங்கவோ, மூச்சுவிடவோ சிரமம்
* கண்ணை நோக்கியோ, தாடைக்குக் கீழோ பரவும் வீக்கம்
* வீக்கத்துடன் காய்ச்சல், நடுக்கம்
* தாடை வலியுடன் மார்பில் அழுத்தம், வியர்வை. இது மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்

இவற்றில் எது தோன்றினாலும் காணொலி அழைப்புக்குக் காத்திராமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மற்ற நிலைகளில், ஆலோசனைக்குப் பின் நேரடிச் சிகிச்சை பெற, எய்ம்ஸ் பல் மருத்துவ மையம், மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகிய அரசு நிறுவனங்கள் டெல்லியில் உள்ளன.

அழைப்புக்கு முன்னும் பின்னும்

நல்ல வெளிச்சத்தில், கரண்டியால் கன்னத்தை விலக்கிப் பல்லைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவை பற்றி மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம்.

அழைப்பு முடிவதற்குள் மூன்று கேள்விகளுக்கு விடை பெற வேண்டும்: என்ன நோய் என்று கருதுகிறீர்கள்? எத்தனை நாள்களுக்குள் நேரில் வர வேண்டும்? எந்த மாற்றம் தெரிந்தால் அதற்கு முன்பே வர வேண்டும்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் நாளை, வலி குறைந்த பின்பும் தள்ளிப்போடாமல் இருப்பதே பல்லைக் காக்கும்.