இரவல் தோல்

சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி, ஆய்வுக்கூட விபத்தில் கையைப் பறிகொடுத்தவன். மறுவருடமே ஜப்பானில், மருத்துவம் படித்துவிட்டுப் படம் வரையப் போன ஒசாமு தெசூகா இன்னொரு நாயகனைப் படைத்தார். 1983 வரை பத்திரிகைத் தொடராக வந்து, 2004-இல் தொலைக்காட்சி அனிமேஷனாகவும் ஆன 'பிளாக் ஜாக்', பட்டாசுத் தொழில் நடக்கும் நம் ஊர்களில் படிக்கப்பட வேண்டிய கதை.

பிளாக் ஜாக் உரிமம் இல்லாத அறுவை நிபுணன். சிறுவயதில், சரியாக அகற்றப்படாத பழைய குண்டு வெடித்து உடல் சிதைந்தவன். அவன் முகத்தில் ஒரு பகுதி மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது நண்பன் கொடுத்த தோல்.

நெஞ்சைத் தொடும் கற்பனைதான். ஆனால் உடல் இதற்குச் சம்மதிக்காது. அடுத்தவர் தோலை வைத்துத் தைத்தால் முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே போகும். அடியிலிருந்து கசியும் திரவத்தை உறிஞ்சி அது உயிர் பிழைக்கும். பிறகு இரத்தக்குழாய்கள் இணைந்து இளஞ்சிவப்பாகும். ஒட்டிக்கொண்டது என்று நினைக்கும்போது, ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில், வெள்ளணுக்கள் திரண்டு வந்து அதை அழித்துவிடும். கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலையே இருமுறை ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை வைத்தது இன்னும் சீக்கிரம் அழிந்தது. உடல் முதல் தடவையை நினைவில் வைத்திருந்தது! 1943-இல் இதை எழுதிய இருவரில் ஒருவரான பீட்டர் மெடவருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. அனிமேஷன் ஓடிக்கொண்டிருந்த 2005-இல்தான் பிரான்சில் முதல் பகுதி முகமாற்று சிகிச்சை நடந்தது. எதிர்ப்பை அடக்க ஆயுள் முழுக்க மருந்து தேவைப்பட்டது.

அப்படியானால் அடுத்தவர் தோலால் பயனே இல்லையா? உண்டு. அந்த இரண்டு வாரம்தான் பயன்.

நம் பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து செலுத்தும்போது ஓர் உராய்வு போதும், அறையே தீப்பிடிக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். காயம்பட்ட பலரை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக முளைக்காது. உடல்நீர் கசிந்து வெளியேறும், கிருமி புகும். காயம்பட்டவரின் தொடையிலிருந்தே தோலை மெல்லியதாகச் சீவி எடுத்து, வலைபோல் கீறி விரித்து ஒட்டுவார்கள். உடலில் பாதிக்கு மேல் வெந்தவரிடம் சீவுவதற்கு நல்ல தோல் ஏது? அங்கேதான் இறந்தவர் தந்த தோல் மூடியாகிறது. அது உதிர்வதற்குள், சீவிய இடம் ஆறி, அங்கேயே மறுபடி எடுக்கலாம். பெருந்தீக்காயம் எதிர்ப்பாற்றலையே தளர்த்திவிடுவதால் இரவல் தோல் இன்னும் சில நாள் கூடுதலாகவும் தாங்கும்.

இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் காத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கண்தானம் என்றால் நம் வீடுகளில் இன்று தயங்குவதில்லை. தோல்தானம் என்றால் முகம் சுளிக்கிறோம். அந்தப் பயத்துக்கு இடமில்லை. இறந்த ஆறு மணி நேரத்துக்குள், வீட்டிலேயே, முதுகிலும் தொடையிலும் கால்களிலும் மேல்படலத்தை மட்டும் சீவுவார்கள். முகத்தைத் தொடமாட்டார்கள், கட்டுப்போட்டு உடுத்திவிட்டால் வந்தவர்களுக்குத் தெரியாது.